மருந்துச் சீட்டில் விளையாட்டை எழுதிய டாக்டர்



இந்தக் காலாண்டு இதழுக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கையைப் பற்றி எழுதித் தரும்படி நம் சங்கச் செயலாளர் கேட்டபோது, நான் அதிகம் யோசிக்கவில்லை. டாக்டர் லுட்விக் குட்மன் என்று உடனே சொல்லிவிட்டேன். உங்களில் பலருக்கு இந்தப் பெயர் புதிதாக இருக்கலாம். ஆனால் அவர் தொடங்கி வைத்த ஒன்றை நாம் எல்லோருமே தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறோம். 2016இல் ரியோவில் நம் சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு உயரம் தாண்டித் தங்கப் பதக்கம் வாங்கினாரே, அந்தப் பாராலிம்பிக் போட்டிகளுக்கு விதை போட்டவர் இவர்தான். அந்த விதை விழுந்த இடம் போரில் முதுகெலும்பு உடைந்த சிப்பாய்கள் படுத்திருந்த ஒரு ஆஸ்பத்திரி வார்டு.

இவரைப் பற்றி எழுத எனக்குச் சொந்தக் காரணம் ஒன்றும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் அவர் கதையைக் கேளுங்கள்.

சுரங்கத் தொழிலாளி ஒருவரின் சாவு

குட்மன் 1899ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் தேதி ஜெர்மனியின் அப்பர் சைலீசியா பகுதியில் டோஸ்ட் என்ற சிற்றூரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அந்த ஊர் இன்று போலந்து நாட்டில் இருக்கிறது. அவர் சிறு பிள்ளையாக இருந்தபோதே குடும்பம் கோனிக்ஸ்ஹூட்டே என்ற நகரத்துக்குக் குடிபெயர்ந்தது. நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த ஊர் அது.

1917இல், பதினெட்டு வயதுகூட நிரம்பாத நிலையில், அந்த ஊர் விபத்து ஆஸ்பத்திரியில் தொண்டு ஊழியராகச் சேர்ந்தார். ஒரு நாள் சுரங்கத் தொழிலாளி ஒருவரைத் தூக்கி வந்தார்கள். நல்ல திடகாத்திரமான இளைஞர். முதுகெலும்பு முறிந்து, இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லை. அவரை ஒரு மூலையில் கிடத்தித் தடுப்புத் திரை போட்டு மறைத்துவிட்டார்கள். குட்மன் அவரைப் பற்றிக் குறிப்பு எழுதப் போனபோது, வீண் வேலை வேண்டாம், சில வாரத்தில் முடிந்துவிடும் என்று அவருக்குச் சொல்லப்பட்டது. சொன்னபடியே நடந்தது. படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும் வந்து, ரத்தத்தில் கிருமி பரவி, ஏறக்குறைய ஐந்து வாரத்தில் அந்த இளைஞர் இறந்துபோனார்.

பின்னாளில் குட்மன் எத்தனையோ நோயாளிகளைப் பார்த்தார். ஆனால் அந்தத் திரைக்குப் பின்னால் கிடந்த முகம் மட்டும் அவரைவிட்டுப் போகவில்லை. அந்த மனிதரைக் கொன்றது முதுகெலும்பு முறிவு மட்டும்தானா, அல்லது இவர் எப்படியும் போய்விடுவார் என்று எல்லோரும் முடிவு கட்டியதுமா? இந்தக் கேள்விக்குப் பதில் தேட அவருக்கு இன்னும் 27 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

பிரெஸ்லாவில் ஒரு இரவு

பிரெஸ்லாவிலும் ஃபிரைபர்க்கிலும் மருத்துவம் படித்து 1924இல் பட்டம் பெற்றார். பிறகு பிரெஸ்லாவில் ஒட்ஃபிரிட் ஃபோர்ஸ்டர் என்ற பேர்பெற்ற நரம்பியல் மருத்துவரிடம் உதவியாளராகச் சேர்ந்து மூளை, நரம்பு அறுவைச் சிகிச்சையில் தேர்ந்தார். முப்பது வயதுக்குள் நல்ல பெயர். வாழ்க்கை ஒரு பாதையில் விழுந்துவிட்டது என்று நாமெல்லாம் நினைப்போமே, அப்படிப்பட்ட கட்டம்.

1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். அரசாங்க ஆஸ்பத்திரிகளிலிருந்து யூத மருத்துவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். குட்மனும் வேலையை இழந்து, பிரெஸ்லாவில் இருந்த யூத ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். 1937இல் அதன் தலைமை மருத்துவ இயக்குநரானார்.

1938 நவம்பர் 9ஆம் தேதி இரவு ஜெர்மனி முழுவதும் யூதர்களின் கடைகளையும் வீடுகளையும் வழிபாட்டு இடங்களையும் கும்பல்கள் அடித்து நொறுக்கின. ஆயிரக்கணக்கான ஆண்களைப் பிடித்து முகாம்களுக்கு அனுப்பினார்கள். அன்று இரவு ஆஸ்பத்திரி வாசலுக்கு யார் வந்தாலும், என்ன ஏது என்று கேட்காமல் உள்ளே சேர்க்கும்படி குட்மன் தன் ஊழியர்களுக்கு உத்தரவு போட்டார். மறுநாள் கெஸ்டபோ போலீஸ் வந்தது. அவர்களை அழைத்துக்கொண்டு கட்டில் கட்டிலாகப் போய், ஒவ்வொருவருக்கும் ஏதாவது ஒரு நோயின் பெயரைச் சொல்லி, ஏன் இவரை நகர்த்த முடியாது என்று வாதாடினார். அப்படிச் சேர்ந்த 64 பேரில் 60 பேர் கைதாகாமல் தப்பினார்கள்.

பயம் இல்லாத மனிதர் என்று இதைச் சொல்ல எனக்கு மனமில்லை. வீட்டில் மனைவி எல்சே, ஒரு மகன், ஒரு மகள். பயம் இல்லாமல் இருக்குமா? பயத்தோடுதான் செய்திருப்பார். அதனால்தான் அது பெரிய காரியம்.

அடுத்த மாதமே ஒரு வழி திறந்தது. போர்ச்சுகல் நாட்டின் சர்வாதிகாரி சாலசாரின் நண்பர் ஒருவருக்குச் சிகிச்சை தேவைப்பட்டது. அதற்காக நாஜி அரசே குட்மனின் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்து லிஸ்பனுக்கு அனுப்பியது. திரும்பும் வழியில் லண்டனில் இறங்கினார். அகதிகளாக வரும் கல்வியாளர்களுக்கு உதவும் ஒரு சங்கம் அங்கே இருந்தது. அது அவர் பிரிட்டனில் தங்க அனுமதி வாங்கிக் கொடுத்தது. 1939 மார்ச்சில் குடும்பத்தோடு இங்கிலாந்து வந்து சேர்ந்தார். ஆக்ஸ்ஃபோர்டில் குடித்தனம் தொடங்க அந்தச் சங்கம் 250 பவுன் கொடுத்தது. வங்கியில் வேலை பார்த்தவன் என்பதால் என் கண் இப்படிப்பட்ட தொகைகளில் போய் நின்றுவிடும். அந்த 250 பவுனுக்கு உலகம் பெற்ற வட்டியை எந்த லெட்ஜரிலும் எழுத முடியாது.

இரண்டு மணிக்கு ஒரு முறை

ஆக்ஸ்ஃபோர்டில் அவருக்கு நரம்பு ஆராய்ச்சி வேலைதான் கிடைத்தது. பெரிய அறுவைச் சிகிச்சை நிபுணராக இருந்தவர், சில ஆண்டுகள் அப்படியே ஓட்டினார். இதற்கிடையே போர் முற்றியது. ஐரோப்பாவில் நேச நாட்டுப் படைகள் இறங்கப் போகின்றன, முதுகெலும்பில் அடிபட்ட வீரர்கள் நிறைய வருவார்கள் என்று பிரிட்டிஷ் அரசு எதிர்பார்த்தது. அவர்களுக்கென்று தனி மையம் ஒன்றைத் தொடங்க முடிவு செய்து குட்மனை அழைத்தார்கள். என் சிகிச்சை முறையில் யாரும் தலையிடக் கூடாது என்ற நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார்.

1944 பிப்ரவரி 1ஆம் தேதி லண்டனுக்கு வடமேற்கே எய்ல்ஸ்பரி என்ற ஊருக்குப் பக்கத்தில், ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில் தேசிய முதுகுத்தண்டுக் காய மையம் திறக்கப்பட்டது. மொத்தம் 26 கட்டில்கள். சக மருத்துவர்கள் பலர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்களாம். காரணம் இருந்தது. முதல் உலகப் போரில் இப்படி அடிபட்டவர்களில் பெரும்பாலோர் சில மாதங்களில், மிஞ்சினால் இரண்டொரு ஆண்டுகளில் இறந்துபோயிருந்தார்கள். உயிரோடு இருந்தவர்களும் ஏதாவது ஒரு விடுதியில், ஜன்னலைப் பார்த்தபடி காலத்தைக் கழித்தார்கள். ஆகவே இந்த வேலை ஒரு முட்டுச் சந்து என்பதே அன்றைய மருத்துவ உலகின் கருத்து.

குட்மன் அந்தச் சுரங்கத் தொழிலாளியை மறக்கவில்லை. எதனால் சாகிறார்கள் என்று பார்த்தார். முறிந்த எலும்பால் யாரும் சாகவில்லை. படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும்தான் செத்தார்கள். நமக்கெல்லாம் ஒரே பக்கம் படுத்தால் வலிக்கும், தூக்கத்திலேயே புரண்டு படுப்போம். உணர்வு இல்லாதவருக்கு வலிக்காது, புரளவும் முடியாது. உடம்பின் பாரம் ஒரே இடத்தில் அழுத்தி, ரத்த ஓட்டம் நின்று, சதை அழுகிப் புண்ணாகிவிடும். அதற்கு அவர் கண்ட வைத்தியம் மிகச் சாதாரணமானது. பகலோ இரவோ, இரண்டு மணிக்கு ஒரு முறை ஒவ்வொரு நோயாளியையும் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். மாவுக்கட்டுகளைக் கழற்றி எறிந்தார். சிறுநீர்க் குழாய் போடுவதில் சுத்தத்தைக் கண்டிப்பாக்கினார்.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒருவருக்கு ஒரு நாளைக்குப் பன்னிரண்டு முறை. 26 கட்டிலும் நிரம்பியிருந்தால் நாளொன்றுக்கு 312 முறை. ஒவ்வொரு முறையும் மூன்று நான்கு ஊழியர்கள் சேர்ந்து தூக்க வேண்டும். போர்க்காலம், ஆள் பற்றாக்குறை. ஊழியர்கள் ஒழுங்காகச் செய்கிறார்களா என்று பார்க்க குட்மன் நடுராத்திரியில் வார்டுக்கு வந்து நிற்பாராம். கோபக்காரர், பிடிவாதக்காரர், யாரையும் விட்டு வைக்க மாட்டார் என்று பெயர் எடுத்தார். ஆனால் அதே வார்டில் இருந்த சிப்பாய்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் பாப்பா. நம் ஊரில் பாப்பா என்றால் குழந்தை. அவர்கள் ஊரில் அது அப்பாவைக் கூப்பிடும் சொல்.

மனசுக்கு என்ன மருந்து?

உடம்பு பிழைத்தது. அடுத்த பிரச்சினை அதற்குப் பிறகுதான் வந்தது. அதை நீங்கள் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள்.

இருபது, இருபத்திரண்டு வயதுப் பையன்கள். ஆறு மாதத்துக்கு முன் மூட்டை முடிச்சைத் தூக்கிக்கொண்டு மைல் கணக்காக நடந்தவர்கள். பக்கத்தில் நின்ற நண்பன் சாவதைக் கண்ணால் பார்த்தவர்கள். இப்போது இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லை. கல்யாணம், வேலை, வீடு எல்லாம் முடிந்துபோன கதை என்று நினைக்கிறார்கள். எல்லோரும் அன்பாகப் பேசுகிறார்கள், கம்பளியை இழுத்துப் போர்த்திவிடுகிறார்கள். அந்த அன்பே ஒரு தீர்ப்பு மாதிரி காதில் விழுகிறது. சிலர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தால் நாள் முழுக்கத் திரும்புவதில்லை.

குட்மன் இவர்களைச் சும்மா படுக்க விடவில்லை. காலையில் எழுந்ததும் வேலை. தச்சு வேலை, கடிகாரம் பழுது பார்ப்பது, தட்டச்சு என்று பட்டறைகள் வைத்தார். ஆஸ்பத்திரியைவிட்டுப் போகும்போது சம்பாதிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. வரி கட்டும் குடிமகனாகத் திரும்பிப் போக வேண்டும் என்பதை அவர் ஒரு இலக்காகவே வைத்திருந்தார்.

விளையாட்டும் அப்படித்தான் உள்ளே வந்தது. வீரர்கள் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி, கைத்தடியால் ஒரு வட்டைத் தட்டி விளையாட ஆரம்பித்தார்கள். குட்மன் அதைப் பிடித்துக்கொண்டார். ராணுவ உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவரை வைத்துச் சக்கர நாற்காலிப் போலோவாக ஆக்கினார். அது முரட்டு விளையாட்டாக இருந்ததால், பிறகு கூடைப்பந்து வகைக்கு மாறினார்கள். ஸ்னூக்கர், ஈட்டிப் பலகை, டேபிள் டென்னிஸ், வில்வித்தை என்று பட்டியல் வளர்ந்தது. இவை பொழுதுபோக்காக அல்ல, சிகிச்சையாக வைக்கப்பட்டன. மருந்து வேளைக்குச் சாப்பிடுவது எப்படிக் கட்டாயமோ, விளையாட்டும் அங்கே அப்படிக் கட்டாயம்.

இதில் உடம்புக்கான காரணம் ஒன்று உண்டு. கால் செயல்படாதவருக்குக் கைகளும் தோள்களும் முதுகும்தான் இனிக் கால்கள். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவதும், சாயாமல் உட்காருவதும், சக்கரத்தைத் தள்ளுவதும் அவற்றின் பலத்தில்தான். வில்லை இழுத்துப் பிடித்துக் குறி பார்க்கும்போது சரியாக அந்தத் தசைகள்தான் உறுதிப்படுகின்றன. தனியாகப் பயிற்சி செய்யச் சொன்னால் பத்து நிமிடத்தில் சலித்துவிடும். இலக்குப் பலகை ஒன்றை எதிரில் வைத்தால் இரண்டு மணி நேரம் போனதே தெரியாது.

மனசுக்கான காரணம் இன்னும் முக்கியமானது என்று எனக்குத் தோன்றுகிறது. விளையாட்டு என்றாலே போதாதா, போட்டி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நானும் யோசித்தேன். உடற்பயிற்சி செய்யும்போது அவர் இன்னும் நோயாளிதான். பக்கத்தில் ஒருவர் நின்று பரவாயில்லை, நன்றாகச் செய்கிறீர்கள் என்று தட்டிக் கொடுப்பார். போட்டியில் எதிரே இருப்பவர் தட்டிக் கொடுக்க மாட்டார். தோற்கடிக்கப் பார்ப்பார். அவர் கண்ணில் நாம் பரிதாபத்துக்குரியவர் இல்லை, ஜெயிக்க வேண்டிய எதிராளி. அடிபட்ட நாளிலிருந்து இந்தப் பையன்களுக்கு யாரும் கொடுக்காத மரியாதை அது. கூடவே அணி, சீருடை, நாளைக் காலை பயிற்சி, அடுத்த மாதம் ஆட்டம் என்று ஒரு ஒழுங்கு திரும்பி வருகிறது. பட்டாளத்தில் இருந்தவருக்கு அந்த ஒழுங்கு வீட்டுச் சாப்பாடு மாதிரி. தோற்றால் கோபம் வரும். கோபம் வந்தால் நாளைக்கு ஜெயிக்க வேண்டும் என்று தோன்றும். நாளை என்று ஒன்றை நினைக்க ஆரம்பித்தவர் சுவரைப் பார்த்துப் படுக்க மாட்டார்.

இன்னொன்றையும் குட்மன் கவனித்தார். வில்வித்தையில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர், நிற்பவரோடு சரிசமமாகப் போட்டியிட முடியும். அம்புக்கு எய்தவரின் கால் தெரியாது.

பதினாறு பேர்

1948 ஜூலை 29ஆம் தேதி. போருக்குப் பிந்தைய முதல் கோடைக்கால ஒலிம்பிக் லண்டனில் தொடங்கிய நாள். வெம்ப்ளி மைதானத்தில் மன்னர் முன்னிலையில் கோலாகலமாகத் தொடக்க விழா நடந்தது. அதே நாளில் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரிப் புல்வெளியில் குட்மன் ஒரு சிறிய வில்வித்தைப் போட்டி வைத்தார். ஒரு அணி அவருடைய ஆஸ்பத்திரி. இன்னொரு அணி, ரிச்மண்டில் ஊனமுற்ற போர்வீரர்களுக்காக இருந்த ஸ்டார் அண்ட் கார்ட்டர் இல்லம். பதினான்கு ஆண்கள், இரண்டு பெண்கள், ஆக மொத்தம் 16 பேர். எல்லோரும் படைகளில் பணியாற்றி அடிபட்டவர்கள், எல்லோரும் சக்கர நாற்காலியில். குட்மனின் அணி தோற்றது, ரிச்மண்ட் அணி ஜெயித்தது.

அந்தத் தேதியை அவர் சும்மா தேர்ந்தெடுக்கவில்லை. உடல் ஊனமுற்றவர்களுக்கும் ஒரு நாள் ஒலிம்பிக்குக்கு நிகராக ஒன்று வரும் என்று அடுத்த ஆண்டே வெளிப்படையாகச் சொன்னார். கேட்டவர்களில் எத்தனை பேர் நம்பியிருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்?

ஆண்டுதோறும் போட்டி நடந்தது. 1952இல் ஹாலந்திலிருந்து முன்னாள் வீரர்கள் அணியாக வந்தார்கள். போட்டியாளர் எண்ணிக்கை 130ஐத் தாண்டியது. 1956இல் ஒலிம்பிக் கமிட்டி, ஒலிம்பிக் இயக்கத்துக்குச் செய்த சேவைக்காக ஃபியர்ன்லி கோப்பையைக் கொடுத்துக் கௌரவித்தது. 1960இல் ஒலிம்பிக் முடிந்த கையோடு ரோம் நகரிலேயே இவர்கள் போட்டியும் நடந்தது. 23 நாடுகள், 400 பேர். அதுதான் முதல் பாராலிம்பிக் என்று இன்று வரலாற்றில் எழுதப்படுகிறது. பிரிட்டனுக்கு முதல் தங்கம் வாங்கித் தந்தவர் மார்கரெட் மான் என்ற வில்வீராங்கனை. அவர் போர்வீரர் அல்ல, சாலை விபத்தில் அடிபட்டவர். சிப்பாய்களுக்காகக் கண்டுபிடித்த மருந்து மற்றவர்களுக்கும் போய்ச் சேர ஆரம்பித்துவிட்டது.

ரோமில் ஒரு சங்கடமும் நடந்தது. போட்டியாளர்களுக்குக் கடைசி நேரத்தில் கிடைத்த தங்குமிடங்கள் தூண்கள் மேல் உயர்த்திக் கட்டியவை. ஏறிப் போகப் படிக்கட்டுத்தான். சக்கர நாற்காலிகளை மேலே தூக்கவும் கீழே இறக்கவும் இத்தாலிய ராணுவ வீரர்களை நிறுத்த வேண்டியதாயிற்று. உலகத்தரத்தில் போட்டியிட வந்தவர்கள், தங்கள் அறைக்குப் போக அடுத்தவர் கையை எதிர்பார்த்தார்கள். இந்தப் படிக்கட்டை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

1964இல் டோக்கியோ. ஸ்டோக் மாண்டவிலில் குட்மனிடம் வந்து கற்றுக்கொண்டு போன யுடாகா நாகமுரா என்ற ஜப்பானிய மருத்துவரின் முயற்சி அதில் பெரிது. 1968இல் டெல் அவீவ் போட்டியில் இந்தியா முதன்முதலாகக் கலந்துகொண்டது. 1972இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க்கில் நடந்தபோது, 1965 போரில் குண்டடிபட்ட நம் ராணுவ வீரர் முரளிகாந்த் பேட்கர் 50 மீட்டர் நீச்சலை 37.33 விநாடியில் முடித்துத் தங்கம் வாங்கினார். பாராலிம்பிக்கில் இந்தியாவின் முதல் தங்கம் அது. காயம் படுவதற்கு முன் அவர் குத்துச்சண்டை வீரர். சிகிச்சைக்காக இறங்கிய நீச்சல்குளத்தில் புதிய ஆட்டம் ஒன்றைக் கண்டுபிடித்தார். எந்த நாட்டிலிருந்து குட்மன் துரத்தப்பட்டாரோ, அதே நாட்டில் அவர் உண்டாக்கிய போட்டியில், நம் சிப்பாய் ஒருவருக்கு மேடை கிடைத்தது.

குட்மனிடம் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. எல்லாம் தன் கையில் இருக்க வேண்டும் என்பவர். பல ஆண்டுகள் இந்தப் போட்டிகள் முதுகுத்தண்டில் அடிபட்டவர்களுக்கு மட்டுமே இருந்தன. பார்வையற்றவர்களும் கை கால் இழந்தவர்களும் உள்ளே வர 1976இல் டொரண்டோ வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு கதவைத் திறந்தவரே அடுத்த கதவுக்கு முன் கொஞ்சம் தயங்கி நிற்பது உலகத்தில் நடப்பதுதான்.

1945இல் பிரிட்டிஷ் குடிமகனானார். 1966இல் சர் பட்டம் கிடைத்தது. 1969இல் ஸ்டோக் மாண்டவிலில் ஊனமுற்றோருக்கென்றே கட்டப்பட்ட விளையாட்டரங்கை எலிசபெத் அரசி திறந்து வைத்தார். 1980 மார்ச் 18ஆம் தேதி, 80ஆவது வயதில் குட்மன் காலமானார். 2012 லண்டன் பாராலிம்பிக்கில் 164 நாடுகளிலிருந்து 4,200 பேருக்கு மேல் கலந்துகொண்டார்கள். விளையாட்டு வீரர்கள் தங்கிய கிராமத்துக்கு மேயராக இருந்தவர் குட்மனின் மகள் ஏவா. தீபம் ஏற்றியவர் 1960இல் தங்கம் வாங்கிய அதே மார்கரெட் மான். 2014இல் அதே லண்டனில், காயம்பட்ட, நோயுற்ற படைவீரர்களுக்காக இன்விக்டஸ் விளையாட்டுப் போட்டிகளை இளவரசர் ஹாரி தொடங்கினார். அதாவது, அந்தப் புல்வெளியில் 16 பேரோடு ஆரம்பித்த வைத்தியம் சிப்பாய்களுக்கு இன்னும் தேவைப்படுகிறது.

எனக்கும் ஒரு படிக்கட்டு

இனி என் காரணத்தைச் சொல்கிறேன்.

நான் வங்கியில் பென்ஷன் கவுண்டரில் உட்கார்ந்திருந்த காலத்தில், ஒவ்வொரு நவம்பரும் லைஃப் சர்டிபிகேட் கொடுக்க முன்னாள் ராணுவ வீரர் ஒருவர் ஆட்டோவில் வருவார். இரண்டு கால்களும் செயல்படாது. வங்கி வாசலில் மூன்று படி. அதனால் நான் படிவத்தை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போய், ஆட்டோவிலேயே கையெழுத்து வாங்கி வருவேன். பென்ஷன்தாரருக்கு நான் செய்யும் உபகாரம் என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. ஒரு வருஷம் அவர், மற்றவர்களைப் போல உள்ளே வந்து டோக்கன் வாங்கி வரிசையில் உட்கார ஆசையாக இருக்கிறது என்று சொன்னார். சார், உங்களுக்கு எதற்கு அந்தச் சிரமம் என்று நான் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். அடுத்த நவம்பரில் அவர் வரவில்லை. ஏன் என்று விசாரிக்க வேண்டும் என்று நினைத்தேன், விசாரிக்கவில்லை.

குட்மனைப் பற்றிப் படித்தபோதுதான் அன்று அவர் என்னிடம் என்ன கேட்டார் என்பது எனக்குப் புரிந்தது. உபகாரம் வேண்டாம், வரிசை வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

அதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். சென்ற ஆண்டு நம் கிளப் ஹவுஸ் வாசலில் சாய்தளம் போடுவது பற்றிச் செயற்குழுவில் பேச்சு வந்தபோது, சங்கக் கணக்கைப் பார்க்கும் முறையில் குறிப்பு எழுதியவன் நான்தான். 85,000 ரூபாய் மதிப்பீடு, பயன்படுத்தப் போவது இரண்டே குடும்பம், ஆகவே இந்த ஆண்டு ஒத்திவைக்கலாம் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். கணக்குப்படி அது சரியான குறிப்புதான். மொத்தத் தொகையை இரண்டால் வகுத்துக் காட்டியிருந்தேன்.

எப்போதிருந்து நம் வளாகத்தில் அந்த இரண்டு வீட்டுக்காரர்களும் மாலையில் மரத்தடியோடு நின்றுவிடுகிறார்கள் என்று நான் கவனித்ததில்லை. கேரம் போர்டும் டேபிள் டென்னிஸ் மேசையும் நான்கு படிக்கு மேலே இருக்கின்றன. போன மாதம் கவனித்தேன். ஒருவர், உள்ளேயிருந்து பந்து தட்டும் சத்தம் வரும் பக்கமாகத் தன் நாற்காலியைத் திருப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அந்தப் படிகளை டேப் வைத்து அளந்து பார்த்தேன். ஒவ்வொன்றும் ஆறு அங்குலம், மொத்தம் இரண்டு அடி உயரம். ஒரு அங்குல உயரத்துக்கு ஒரு அடி நீளம் என்பது சாய்தளத்துக்கான பொது விதி. அப்படியானால் 24 அடி நீளம் வேண்டும். பக்கவாட்டில், செருப்பு ஸ்டாண்டை நகர்த்திவிட்டு ஒரு திருப்பம் வைத்தால் இடம் தாராளமாக இருக்கிறது. என்னையும் சேர்த்து இன்னும் பத்து வருஷத்தில் அதை எத்தனை பேர் பயன்படுத்துவோம் என்று வகுத்துப் பார்த்தால், என் பழைய குறிப்பின் விடை மாறிவிடுகிறது.

வரும் பொதுக்குழுக் கூட்டத்தில் என் குறிப்பை நானே வாபஸ் வாங்கிக்கொண்டு, அதே மதிப்பீட்டை மறுபடியும் முன்வைக்கப் போகிறேன். நீங்கள் எல்லோரும் தவறாமல் வாருங்கள். சரி என்று பட்டால் கை தூக்குங்கள். சரியில்லை என்றால் எழுந்து கேளுங்கள், பதில் சொல்கிறேன்.

சாய்தளம் வந்த பிறகு ஒரு கேரம் போட்டி வைக்கலாம் என்று இருக்கிறேன். அந்த மரத்தடி நண்பரிடம் இப்போதே பேசிவிட்டேன். அவர் என்னைத் தோற்கடித்துவிடுவார் என்றுதான் நினைக்கிறேன். விட்டுக் கொடுத்து ஆட வேண்டாம் என்று அவர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.